கை வைப்பதற்கு முன்

கட்டை விரலை நம்பாதீர்கள். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான். யாரும் கேட்பதில்லை. எனக்குச் சொன்னபோது நானும் கேட்கவில்லை. படித்து முடித்து வந்த புதிதில், வந்தவர்கள் முதுகையெல்லாம் கட்டை விரலாலேயே அழுத்தித் தள்ளினேன். இன்று ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் திறந்து கொடுத்துவிட்டு, "ஊரு முதுகையெல்லாம் நிமித்துற கையி" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். முன்கையும் முழங்கையும் இருக்கும்போது விரலை எதற்குச் செலவழிப்பது, உடம்பின் எடையைக் கொஞ்சம் சாய்த்தால் போதுமே என்று எனக்குப் புத்தி வந்தபோது மூட்டு தேய்ந்துபோயிருந்தது.

போன மாதம், இதே வேலை செய்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற ஆன்லைன் கூட்டம் ஒன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். பாடம் வேண்டாம் மேடம், அனுபவத்தில் தெரிந்துகொண்ட குறிப்புகளாகச் சொல்லுங்கள் என்றார்கள். ஏற்காட்டில் பனி இறங்கினால் சிக்னலும் போய்விடும். மாடிப்படியில் சிக்னல் கிடைக்கிற ஒரே படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன். திரையில் கைதட்டுகிற படமெல்லாம் வந்தது. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். பேச முடியாததை எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செய்கிற வைத்தியத்துக்கு மயோஃபேஷியல் ரிலீஸ் என்று பெயர்தான் பெரிது. கோழியை உரிக்கும்போது தோலுக்கும் கறிக்கும் நடுவில் வெள்ளையாக, மெல்லிசாக ஒரு சவ்வு வருமே, அது நம் உடம்பிலும் உச்சி முதல் பாதம் வரை இருக்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால், எப்போதோ அடிபட்டிருந்தால், அது அங்கங்கே இறுகிக்கொள்ளும். இறுகின இடத்தில் கையை வைத்து, லேசாக இழுத்துப் பிடித்து, அது தானாக இளகும் வரை காத்திருப்பதுதான் என் வேலை. தேய்ப்பது கிடையாது, நெட்டி முறிப்பது கிடையாது, எண்ணெய் கிடையவே கிடையாது. எண்ணெய் போட்டால் கை வழுக்கும், பிடி கிடைக்காது. இதை இந்த ஊரில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. "எண்ணெ போடாம என்னத்த வைத்தியமுங்க?" என்று கேட்டுவிட்டு, பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு.

மளிகைக் கடை வைத்திருக்கிற பாய் ஒருவரின் கடைக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை. ஒரே ஜன்னல். டிசம்பரில் அந்த அறையில் என் கை செத்த மீன் மாதிரி சில்லென்று இருக்கும். சில்லென்ற கையை ஒருவர் முதுகில் வைத்தால் உடம்பு மொத்தமும் மூடிக்கொள்ளும், பிறகு அரை மணி நேரம் போராடினாலும் இளகாது. அதனால் ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீர், ஒரு கிண்ணம், ஒரு துண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் முன்பு கையை முக்கித் துடைத்துக்கொள்வேன். படுக்க வைக்கிற மேஜையை இங்கேயே தச்சரிடம் சில்வர் ஓக் மரத்தில் செய்யச் சொன்னேன். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் மூட்டு மேஜையில் படவேண்டும், அதுதான் உயரம். ஒரு அங்குலம் கூடினால் உங்கள் தோள் போகும், ஒரு அங்குலம் குறைந்தால் உங்கள் இடுப்பு போகும். இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டார்கள். தசை, எலும்பு, நரம்பு எல்லாம் படமாகப் போட்ட நல்ல புத்தகம் ஒன்று போதும், அதை ஒன்பது தடவை படியுங்கள், பத்தாவது பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள் என்றேன்.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் வாழவந்தியிலிருந்து வந்தார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். கார்த்திகை மாதம், பழம் பறிப்பு சூடுபிடித்திருந்த நேரம். லீவு நாளில் சாமான் வாங்க பஸ்ஸில் வந்தவர், பாயின் கடையில் பருப்பும் சோப்பும் வாங்கி வைத்துவிட்டு, கதவைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஏனுங்க, இங்கதானுங்களா கை வெக்கிற டாக்டரம்மா?"

"டாக்டர் இல்லீங்க. பிசியோதெரபிஸ்ட்."

"அது என்னமோங்க டாக்டரம்மா. எனக்கு நொம்ப நோவுதுங்க."

கடைசி வரை நான் டாக்டரம்மாதான். வலது தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் வலி கிளம்புகிறது, பட்டைக்குள் போகிறது, கையின் உள்பக்கமாக இறங்கிச் சுண்டு விரலில் போய் நிற்கிறது என்று விரலாலேயே கோடு போட்டுக் காட்டினார். என்ன வேலை என்று கேட்டேன். இடது கையால் கொப்பை வளைத்துப் பிடித்து, வலது கையால் பழத்தை உருவி, இடுப்பில் கட்டின பைக்குள் போட வேண்டும். நாள் முழுக்க. அது முடிந்ததும் மிளகு, ஏணி மேல் நின்றுகொண்டு கையை அண்ணாந்து நீட்டியபடி. கேட்டு முடிப்பதற்குள் எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இந்த மலையில் ஆட்களின் உடம்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுவேன், இவர் களை வெட்டுகிறவர், இந்தப் பெண் ஹோட்டலில் மெத்தை விரிப்பு மாற்றுகிறவள், இவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர், நாற்காலியில் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்காருகிறவர் என்று. பெரும்பாலும் சரியாக இருக்கும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள், எனக்கு மனசு குளிர்ந்துபோகும். பழம் பறிக்கிறவரின் வலது தோளில் வலி என்றால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முறைப்படி ஒரு அட்டை வைத்திருக்கிறேன். எடை குறைந்திருக்கிறதா, ராத்திரி படுத்தால் வலி கூடுகிறதா, இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, கையில் பலம் குறைந்திருக்கிறதா. நம் கையால் சரிசெய்யக் கூடாத நோயைத் தடுத்து நிறுத்துகிற கேள்விகள் அவை. முதல் நாள் எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றார். இல்லை இல்லை என்று எழுதி அட்டையை டப்பாவில் போட்டு மூடினேன். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்காமல் விட்டேன், வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால்.

பெண்களுக்கு முதுகுப்பக்கம் வேலை செய்வதில் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. துணியை விலக்க மாட்டார்கள், விலக்கச் சொல்லவும் கூடாது. அதற்காகவே முதுகில் நாடா வைத்த தொளதொள ரவிக்கை மூன்று தைத்து வைத்திருக்கிறேன். வந்ததும் அதை மாட்டிக்கொள்ளச் சொல்வேன். அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்தவங்க போட்டத நான் போட மாட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"துவைச்சதுதான் அக்கா."

"தெரியுமுங்க. இருந்தாலும் வேண்டாமுங்க."

அவருடைய ரவிக்கையோ அரக்கு நிறத்தில், உடம்போடு ஒட்டித் தைத்தது. அதன் கை சதையில் பதிந்து கிடந்தது. முதுகுப்பக்கம் என் இரண்டு விரல் நுழையவில்லை. எனக்கு எரிச்சல். துணியின் மேலேயே கையை வைத்து, அரைகுறைப் பிடியில் வேலை செய்துவிட்டு, "அடுத்த தடவை லூசா ஒண்ணு தைச்சுப் போட்டுட்டு வாங்கக்கா, இதுல எனக்குக் கையே போக மாட்டேங்குது" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். "ஆகட்டுமுங்க" என்றார்.

அரைகுறைப் பிடியிலேயே அன்று அவருக்குச் சுகம் கிடைத்தது. தோள் இறங்கியது, மூச்சு நீண்டது. எழுந்து உட்கார்ந்து கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, "எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். வலி எங்கே போனது என்று நிஜமாகவே தேடுகிற முகம். அந்த முகத்துக்காகத்தான் நாங்கள் இந்தத் தொழிலில் இருக்கிறோம், சும்மா சொல்லக் கூடாது.

வாரம் ஒரு முறை வந்தார். நான் என்ன செய்கிறேன் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார். கையை வைத்ததும் பேச்சை நிறுத்திவிடுவார். இரண்டு நிமிடம் போல் ஆனதும், என் உள்ளங்கைக்குக் கீழே அந்த இறுக்கம் மெதுவாக விட்டுக்கொடுக்கும்போது, எனக்குத் தெரிகிற அதே நேரத்தில் அவருக்கும் தெரியும். "இளகிருச்சுங்களா?" என்று கேட்பார். "இளகிடுச்சுக்கா" என்பேன். இதற்கு மேல் எங்களுக்குள் பெரிய பேச்சு இருந்ததில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் சேலத்தில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

முதலில் ஒரு தடவை வந்தால் ஐந்து நாள் தாங்கியது. பொங்கலுக்குப் பிறகு மூன்று நாள் ஆனது. பிறகு இரண்டு நாள். வாரத்தில் இரண்டு முறை வர ஆரம்பித்தார். மிளகு ஆரம்பித்துவிட்டது, ஏணி வேலை, வலி கூடத்தான் செய்யும் என்று நானே அவருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார். என்னைவிட மிளகு வேலை தெரிந்தவர், ஆனால் நான் சொன்னதால் தலையாட்டினார்.

மாசியில் ஒரு நாள் குப்புறப் படுக்க வைத்து ரவிக்கையின் விளிம்பில் கையை வைத்தேன். உள்ளங்கை முழுசாக உள்ளே போனது. தோள்பட்டை எலும்பின் ஓரம் வரை தாராளமாக எட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"அட, புதுசு தைச்சுட்டீங்களாக்கா? இதை முன்னாடியே பண்ணியிருக்கலாமில்ல?"

"இல்லீங்க. அதே ரவிக்கதானுங்க."

"அப்போ தொவைச்சுத் தொவைச்சு துணி விட்டுப்போச்சு போல. நல்லதாப் போச்சு, எனக்கு வேலை சுலபம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு மிக நன்றாக வேலை செய்தேன், அத்தனை மாதத்தில் கிடைக்காத பிடி கிடைத்தது. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம்கூட அதைச் சொன்னேன்.

ஒரு நாள், மிளகு விரல் நடுவில் நழுவி நழுவி விழுகிறது என்றார். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் காலையில் அமுக்கி அமுக்கி விடுங்கள் என்று அனுப்பினேன். வலது கண் இடது கண்ணைவிடச் சின்னதாகத் தெரிந்தது. கேட்டேன். "அடுப்புப் பொகைங்க, ஊட்டுக்குள்ள வெறகுதானுங்க" என்றார். சரி, புகை என்று எடுத்துக்கொண்டேன். படுத்தால் தூக்கம் வரவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்குகிறேன் என்றார். அக்குளுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. வேறு ஒருவருக்குச் சொல்லியிருந்தால் எல்லாமே சரியான பதில்கள்.

மறைக்காமல் எழுத வேண்டியது அடுத்ததுதான். பங்குனி தொடக்கத்தில், பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினவர், திரும்பி நின்று கேட்டார்.

"டாக்டரம்மா, ஒருக்கா சேலத்துக்குப் போயி பெரியாஸ்பத்திரில காட்டிட்டு வரட்டுங்களா?"

நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பாமலேயே சொன்னேன். "எதுக்குக்கா? நாள் பூரா உட்கார வைப்பாங்க, வலி மாத்திரை குடுத்து அனுப்புவாங்க. கை வைச்சா இளகுதில்ல? மிளகு முடியட்டும், தோளுக்கு ஓய்வு கிடைச்சா தானா சரியாயிடும்."

"அப்புடிங்களா? சரிங்க" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள் சம்பளமும் சேலம் அலைச்சலும் மிச்சம் என்ற நிம்மதி. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மகள் மலைக்கு வந்தாள். பொங்கலுக்கு வந்து போனவள். வாரத்துக்கு இரண்டு முறை அந்த உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது, நான்கு மாதம் கழித்துப் பார்த்தவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள், வளையல் முழங்கை வரை ஓடியிருக்கிறது. திருவிழாவுக்குக் கூட நிற்காமல் மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப் போனாள்.

அக்கா இரண்டு வாரமாக வரவில்லை. மிளகு முடிந்து ஓய்வு எடுக்கிறார், தோள் தேறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னபடியே நடந்தது என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு. அப்போதுதான் மகள் வந்தாள். கையில் எக்ஸ்ரே கவர். நான் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டேன், அதே நெற்றி.

"மேடம், நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தாள். நியாயமாக அதைச் சொல்ல வேண்டியவள் நான். "அம்மாவுக்கு நுரையீரல்ல கட்டிங்க. மேல, உச்சியில. அது தோளுக்குப் போற நரம்ப அமுத்துதாம். அதனாலதான் தோள்ல வலியாம், தோள்ல ஒண்ணுமே இல்லையாம். வேற எடத்துக்கும் பரவிருச்சுன்னு சொல்றாங்க. ஆபரேசன் பண்ண முடியாதாம்."

எக்ஸ்ரேவை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். கழுத்து எலும்புக்குக் கீழே வலது பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்த இடத்துக்கு நேர் பின்னால்தான் ஆறு மாதம் என் கை இருந்திருக்கிறது. சுண்டு விரல், கையில் பலம் குறைவு, சிறுத்த கண், உட்கார்ந்து தூங்கினது, எல்லாம் ஒரே நோயின் அடையாளம் என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு, ரவிக்கை ஏன் தளர்ந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு என் மேல் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா உங்க கையத்தான் கேக்குதுங்க. மாத்திரைக்கு வலி அடங்கலைங்க. ஊட்டுக்கு வர முடியுங்களா?" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரின் நம்பரை அவளிடம் வாங்கிப் பேசினேன். கை வைக்கலாமா என்று கேட்டேன். "அழுத்தாதீங்க, இழுக்காதீங்க. எலும்புலயும் இருக்கு. சும்மா கையை வைச்சிருங்க, அதுல தப்பில்லை" என்றார். பிறகு, "எத்தனை மாசமா உங்ககிட்ட வந்தாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார். இப்படி ஒரு போனை மாசியிலேயே யாராவது ஒரு டாக்டருக்குப் போட்டிருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

வாழவந்தி பஸ்ஸில் போய் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். ஒற்றை அறையும் சமையல் தடுப்புமாக ஒரு ஓட்டு வீடு. கட்டிலில் நைட்டி போட்டு உட்கார்ந்திருந்தார், சுவரில் சாய்ந்தபடி. பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மகளிடம், "டாக்டரம்மாவுக்குக் காப்பி வெய்யி கண்ணு" என்றார்.

பிளாஸ்க் கொண்டு போகவில்லை. அடுப்படியில் வெந்நீர் வாங்கிக் கையை முக்கித் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தேன். கைக்குக் கீழே தோல், அதற்குக் கீழே நேராக எலும்பு. இளகுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. பிடிக்காமல், இழுக்காமல் சும்மா வைத்திருந்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒரு உடம்பின் மேல் கை வைத்திருந்தது அன்றுதான் முதல் தடவை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாயில் இருந்தவர்களிடம் பேசினார், என்னிடம் இல்லை. "இந்தக் கைதான் ஆத்தா. இது பட்டா நோவு போயிரும். இந்த டாக்டரம்மா இல்லீன்னா நான் இந்த சீசன் வேலைக்கே போயிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாம ஆறு மாசம் ஓட்டிட்டேன், அத்தனையும் இந்தக் கையாலதான்."

மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள். மரியாதையோடு பார்த்தார்கள். நான் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அக்கா, நான் அப்பவே..." என்று வந்தது. "சொல்லுங்க சாமி" என்றார் கண்ணைத் திறக்காமல். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கலைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, எனக்காகத்தான். "ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

"இளகிருச்சுங்களா?"

"இளகிடுச்சுக்கா."

பஸ் ஏறி உட்கார்ந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தலைசுற்றல் என்று நினைத்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று முறை போனேன். ஆடி மாதம் பதினைந்தாம் தேதிக்குள் அவர் போய்விட்டார். சாவுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெண்கள் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் கீழே உட்காருகிறேன் என்றேன், விடவில்லை.

ஆவணியில், அதே வாழவந்தி பஸ்ஸில் மூன்று பெண்கள் ஒன்றாக வந்து இறங்கி என் அறைக்கு வந்தார்கள். அன்று பாயில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவர்தான் பேசினார்.

"அக்கா போறதுக்கு முன்னாடி சொல்லுச்சுங்க. தோளு நோவு, இடுப்பு நோவுன்னா ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலையாதீங்க, டாக்டரம்மாகிட்டப் போங்க, கை வெச்சா போயிரும்னு. அதான் வந்தமுங்க."

அக்கா போன பிறகு ஒரு எடை மிஷின் வாங்கி வாசல் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒவ்வொருவரையும் அதில் ஏறச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்துக்கொண்டே ஏறி இறங்கினார்கள், அட்டையில் இருக்கிற எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். மூத்தவர் ஏறவில்லை. அவருக்கு முதுகு நடுவில் வலி. எவ்வளவு நாளாக என்றேன். இரண்டு மாதம் என்றார். படுத்தால் எப்படி என்றேன். "படுத்தா ஆகாதுங்க. எந்திரிச்சு உக்காந்துக்குவேன்."

"நீங்க மொதல்ல சேலம் போய் எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கம்மா. அதைப் பார்த்துட்டுத்தான் கை வைப்பேன்" என்றேன். எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதினேன், எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதினேன்.

அவர் சீட்டை வாங்கவில்லை. முகம் சுண்டிவிட்டது.

"அவளுக்கு எக்ஸ்ரே கேட்டீங்களாங்க? மாசக்கணக்கா கை வெச்சீங்க. ஊடு தேடி வந்து கடைசி வரைக்கும் கை வெச்சீங்க. எனக்கு மட்டும் ஏனுங்க வெக்க மாட்டேங்கறீங்க?"

"அவங்ககிட்ட நான் கேக்கலைம்மா" என்றேன். "சேலத்துக்குப் போகட்டுமான்னு அவங்களேதான் எங்கிட்ட கேட்டாங்க. வேண்டாம்னு நான் சொன்னேன். நான் கை வைச்சதாலதான் அவங்க போகல."

சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். மூத்தவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சீட்டை, விரல் என் மேல் பட்டுவிடாமல் நுனியைப் பிடித்து உருவிக்கொண்டார். மூன்று பேரும் வெளியே போனார்கள்.

அதற்குப் பிறகு வாழவந்தியிலிருந்து யாரும் என்னிடம் வரவில்லை. அந்த அம்மா எக்ஸ்ரே எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது.